கவுன்சில் வரித்தாளை வாசிப்பது எப்படி? இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வாழும் எம்மவர்க்கு

இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் கவுன்சில் வரித்தாள் வீட்டுக்கு வரும். நாங்கள் அதில் பார்ப்பது இரண்டே விடயங்கள். மாதம் எவ்வளவு, போன வருடத்தைவிட எவ்வளவு கூட. பிறகு தாள் மேசை லாச்சிக்குள் போய்விடும். கணக்காளன் என்பதால் சிலர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "குப்பை எடுக்கிறதுக்கு இவ்வளவு காசோ?"

குப்பை எடுப்பதற்குப் போவது அதில் மிகச் சிறிய பங்கு. மீதி எங்கே போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்தத் தீர்மானத்தில் எங்களுக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

லண்டனில் இருப்பவர்களுக்கு விடயம் ஓரளவு எளிது. வீட்டுப் பிரச்சினை, பிள்ளையின் பள்ளிக்கூடம், வயதானவரின் பராமரிப்பு, குப்பை எல்லாவற்றுக்கும் ஒரே பறோ கவுன்சில். ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் எமது குடும்பங்கள் பல லண்டனை விட்டு வெளியே போய்விட்டன. கிராமத்துக் கடை, பெற்றோல் நிலையம், தபாற்கந்தோர், பராமரிப்பு இல்லம் என்று வேலையும் தொழிலும் அங்கே இழுத்துச் சென்றன. அங்கே நிர்வாக அமைப்பு வேறு. அது தெரியாததால் ஒரு கந்தோரில் கேட்கவேண்டியதை இன்னொரு கந்தோரில் கேட்டு, "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலோடு திரும்பி வருபவர்கள் அதிகம்.

மூன்று அடுக்குகள்

கிராமப்புற இங்கிலாந்தின் பெரும்பகுதியில் உள்ளூராட்சி மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே கவுண்டி கவுன்சில். அதன் கீழே டிஸ்ரிக்ற் அல்லது பறோ கவுன்சில். அடியில் கிராமத்துக்கான பரிஷ் கவுன்சில். சிறு நகரமானால் ரவுன் கவுன்சில். உதாரணமாக நோஃபோக் ஒரு கவுண்டி. அதற்குள் ஏழு டிஸ்ரிக்ற் மட்டக் கவுன்சில்கள். அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான பரிஷ்கள்.

ஒரு கிராமத்தில் பெற்றோல் நிலையமும் அதனுடன் கடையும் நடத்தும் குடும்பம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். கடையில் மதுபானம் விற்க அனுமதி தருவது டிஸ்ரிக்ற். வயது குறைந்தவருக்குச் சிகரெட் விற்கிறார்களா என்று சோதனை செய்ய வருவது கவுண்டியின் வணிகத்தர நிர்ணயப் பிரிவு. கடையின் பெயர்ப்பலகைக்கும் கட்டட மாற்றத்துக்கும் அனுமதி டிஸ்ரிக்ற். கடைக்கு முன்னால் உள்ள வீதியில் குழி விழுந்தால் அதை மூடவேண்டியது கவுண்டி. வீட்டுக் குப்பையை எடுப்பது டிஸ்ரிக்ற். எடுத்த குப்பையை என்ன செய்வது என்பது கவுண்டியின் பொறுப்பு. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பேரூந்து, தாயாரின் பராமரிப்பு, நூலகம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் கவுண்டி. பேரூந்துத் தரிப்பிடக் கூரையும் மயானமும் விளையாட்டுத் திடலும் பல ஊர்களில் பரிஷ்.

இதில் குழப்பம் என்னவென்றால், வரித்தாளை அனுப்புவதும் காசை வாங்குவதும் டிஸ்ரிக்ற். அதனால் முழுக்காசும் டிஸ்ரிக்றுக்கே போகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது எல்லோருக்குமாக வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் முகவர் மாதிரி. நூறு பவுணில் பொதுவாக எழுபதுக்கு மேல் கவுண்டிக்குப் போகும். காவற்துறைக்கு ஒரு பங்கு. தீயணைப்பு தனி அதிகாரசபையாக இருந்தால் அதற்கும் ஒரு பங்கு. சில கவுண்டிகளில் அது கவுண்டிக்குள்ளேயே அடங்கும். பரிஷ்சுக்குச் சிறு தொகை. காசை வாங்கிய டிஸ்ரிக்ற் தனக்கென்று வைத்துக்கொள்வது பெரும்பாலும் பத்துப் பவுணுக்கு அண்மித்ததுதான். இந்தப் பிரிப்பு வரித்தாளிலேயே வரிவரியாக அச்சிடப்பட்டிருக்கும்.

கவுண்டியின் பங்குக்குக் கீழே "வயதுவந்தோர் சமூகப் பராமரிப்பு" என்று ஒரு வரி இருக்கும். அண்மைய ஆண்டுகளில் கவுண்டி தன் வரியை வாக்கெடுப்பு நடத்தாமல் ஆண்டுக்கு 5 வீதத்துக்குக் குறைவாகவே உயர்த்தலாம் என்பது விதி. அதில் 2 வீதம் இந்தப் பராமரிப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. ஏறக்குறைய எல்லாக் கவுண்டிகளும் எல்லைவரை ஏற்றுவதற்குக் காரணம் அடுத்த பகுதியில்.

எவை கட்டாயம், எவை முதலில் வெட்டப்படும்

கவுண்டியின் செலவில் பாதிக்கு மேல் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, முதியோர் மற்றும் உடல், மன இயலாமை உள்ளவர்களின் பராமரிப்பு. மற்றது, ஆபத்தில் உள்ள பிள்ளைகளின் பாதுகாப்பும் விசேட கல்வித் தேவைகளும். இவை சட்டப்படி செய்தே ஆகவேண்டியவை. தேவை உள்ளவர் வந்தால், காசில்லை என்று கவுண்டி கைவிரிக்க முடியாது. கிராமப்புறங்களில் முதியோர் வீதம் அதிகம். வீடுகள் தூரம் தூரமாக இருப்பதால் ஒரு பராமரிப்பாளர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய வீடுகளும் குறைவு. எனவே இந்தச் செலவு ஏறிக்கொண்டே போகிறது.

நூலகமும் சட்டப்படி தேவையானதுதான். 1964 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் எத்தனை நூலகம், எத்தனை மணி நேரம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. கிராமப் பேரூந்துக்கான மானியம், இளைஞர் நிலையம், சிறு வீதிகளின் திருத்தம் போன்றவற்றிலும் எவ்வளவு செய்வது என்பது கவுன்சிலின் கையில் இருக்கிறது. ஆகவே பற்றாக்குறை வரும்போது கத்தி இவற்றின்மேல்தான் முதலில் விழும். வாகனம் ஓட்டத் தெரியாத அம்மாமாருக்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நூலகம் போகும் இளம் தாய்மாருக்கும் முதலில் தட்டுப்படுவது இதுதான்.

நோர்தம்ப்டன்ஷயரில் நடந்தது

ஒரு கவுண்டி கவுன்சிலின் நிதி முற்றாகக் குலைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நோர்தம்ப்டன்ஷயர் உதாரணம்.

அந்தக் கவுன்சில் பல ஆண்டுகள் வரியை ஏற்றாமல் வைத்திருந்தது. வாக்காளர்களுக்கு அது இனிப்பான செய்தி. ஆனால் வரியை ஓர் ஆண்டு ஏற்றாமல் விட்டால், இழப்பு அந்த ஆண்டோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டின் வீத உயர்வு அந்தக் குறைந்த அடித்தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். மத்திய அரசின் மானியமும் அதே காலத்தில் குறைந்துகொண்டு வந்தது. சேவைகளை வெளி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் புதிய திட்டம் ஒன்று கவுன்சிலைக் காப்பாற்றும் என்று சொல்லப்பட்டது. அது காப்பாற்றவில்லை. 53 மில்லியன் பவுண் செலவில் புதிய தலைமைக் கட்டடம் ஒன்று 2017 இல் திறக்கப்பட்டது. சில மாதங்களிலேயே அதை விற்று, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருக்கவேண்டிய நிலை வந்தது.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்கு மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்ற பிரிவு நினைவிருக்கும். காணியை விற்ற காசில் அன்றாடச் சாப்பாட்டுச் செலவைப் பார்க்கும் வீடு எவ்வளவு காலம் தாங்கும்? சொத்து விற்ற பணத்தை அன்றாடச் செலவுகளுக்குத் திருப்பியது பற்றி இந்தக் கவுன்சிலிலும் கேள்விகள் எழுந்தன.

2018 பெப்ரவரியில் அதன் தலைமை நிதி அதிகாரி 114 ஆம் பிரிவு அறிவித்தலை வெளியிட்டார். 1988 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று நிதி அதிகாரி கருதினால் இந்த அறிவித்தலை வெளியிடவேண்டும். வெளியிட்டவுடன், சட்டப்படி செய்தே ஆகவேண்டியவை தவிர்ந்த புதிய செலவுகள் நின்றுவிடும். 21 நாட்களுக்குள் கவுன்சில் கூடிப் பதில் சொல்லவேண்டும். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக எந்தக் கவுன்சிலும் இதைச் செய்திருக்கவில்லை. அதே மாதத்தில், அதன் வரவு செலவுத் திட்டம் சட்டத்துக்கு முரணானதாக இருக்கலாம் என்று வெளிக் கணக்காய்வாளரும் எச்சரித்தார். ஜூலையில் இரண்டாவது அறிவித்தல் வந்தது.

அரசு அனுப்பிய பரிசோதகர் மக்ஸ் கலர் 2018 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். பணப் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல, நிர்வாகமே காரணம் என்பது அதன் சாரம். கவுன்சிலைத் திருத்துவதைவிட இல்லாமல் செய்துவிட்டு புதிதாகத் தொடங்குவது மேல் என்று அவர் பரிந்துரைத்தார். அப்படியே நடந்தது. 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி அந்தக் கவுண்டி கவுன்சிலும் அதன் கீழிருந்த ஏழு டிஸ்ரிக்ற், பறோ கவுன்சில்களும் மறைந்து, வட நோர்தம்ப்டன்ஷயர், மேற்கு நோர்தம்ப்டன்ஷயர் என்ற இரண்டு ஒற்றையடுக்குக் கவுன்சில்கள் பிறந்தன.

இதற்கிடையில் 36 நூலகங்களில் 21 ஐ மூடவோ கைமாற்றவோ கவுண்டி திட்டமிட்டது. பிள்ளைகள் உள்ள சில குடும்பங்கள் மேல்நீதிமன்றத்துக்குப் போயின. 2018 ஓகஸ்டில், அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட முறை சட்டத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் சொன்னது. கவுன்சில் மறுபடியும் யோசிக்கவேண்டி வந்தது. பிறகு பல நூலகங்கள் ஊரவர்களே நடத்தும் நிலையங்களாயின. எமது ஊர்களில் சனசமூக நிலையங்கள் வாசிகசாலை நடத்திய மாதிரி என்று சொல்லலாம். கதவு திறந்திருக்கிறது, ஆனால் திறப்பவர் சம்பளம் இல்லாத தொண்டர்.

இப்போது வரும் மாற்றம்

2024 டிசம்பரில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, இரண்டு பெரிய அடுக்குகள் உள்ள முறை இங்கிலாந்து முழுவதிலும் முடிவுக்கு வரவிருக்கிறது. 21 பகுதிகளில் கவுண்டியும் டிஸ்ரிக்றும் இணைந்து ஒற்றையடுக்குக் கவுன்சில்களாக மாறவேண்டும். இதற்காக நோஃபோக், சஃபோக், எசெக்ஸ், ஹம்ஷயர் உட்பட ஒன்பது இடங்களில் 2025 மே மாதத் தேர்தல்கள் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டன. சரே கவுண்டியை இரண்டாகப் பிரிக்கும் முடிவு 2025 ஒக்டோபரில் வந்தது. புதிய கவுன்சில்கள் 2027 ஏப்ரலில் பொறுப்பேற்கும்.

சாதாரணக் குடும்பத்துக்கு இதன் பொருள் மூன்று. ஒன்று, எந்தக் கந்தோர் என்ற குழப்பம் குறையும். இரண்டு, அந்தக் கந்தோர் உங்கள் கிராமத்திலிருந்து இன்னும் தூரமாகப் போகலாம். மூன்று, பழைய கவுன்சில்களின் கடன்களும் சேமஒதுக்கங்களும் ஒரே ஐந்தொகைக்குள் வரும். சிக்கனமாக இருந்த டிஸ்ரிக்றின் மக்கள் கடன்பட்ட டிஸ்ரிக்றோடு சேர்க்கப்படலாம். இப்படியான மாற்றங்களுக்கு முன் பொதுமக்களின் கருத்துக் கேட்பார்கள். அந்தப் படிவத்தை நிரப்புவதற்குப் பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை.

கேட்டால் மட்டும் கிடைப்பவை

வரித்தாளில் உள்ள தொகை முடிந்த முடிவல்ல. ஆனால் குறைப்புகள் பெரும்பாலும் தாமாக வருவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 வீதம் கழிவு. முழுநேர மாணவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். கணவரை இழந்த தாயும் பல்கலைக்கழகம் போகும் மகளும் மட்டும் வாழும் வீடு இந்தக் கழிவுக்கு உரியது. இதை அறியாமல் முழுத்தொகை கட்டும் வீடுகள் உண்டு.

மறதிநோய் உள்ள பெற்றோர் இருந்தால் கவனியுங்கள். மருத்துவர் கடுமையான மனநலக் குறைபாடு என்று சான்று கொடுத்து, உரிய அரச உதவித்தொகை ஒன்றுக்கும் அவர் தகுதி பெற்றிருந்தால், அவரும் கணக்கில் சேரமாட்டார். தாயும் தந்தையும் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு இந்த நிலை என்றால் 25 வீதம் குறையும். அப்படியானவர் தனியே இருந்தால் வரியே இல்லை. உடல் இயலாமைக்காக வீட்டில் மேலதிக குளியலறையோ, சக்கர நாற்காலிக்கான இடமோ தேவைப்பட்டால் ஒரு படி குறைந்த வரி கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு வரிக்குறைப்புத் திட்டம் தனியாக உண்டு.

பராமரிப்பு விடயத்தில், 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி தேவை இருப்பதாகத் தோன்றும் எவரையும் கவுண்டி மதிப்பீடு செய்யவேண்டும். அவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் செலவை அவரே ஏற்கவேண்டும் என்பது 2025-26 நிதியாண்டின் எல்லை. ஆனால் மதிப்பீட்டுக்குக் காசில்லை. வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கும் தனி மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது. எமது வீடுகளில் அது பெரும்பாலும் மருமகள் அல்லது மகள். "எங்கட அம்மாவை நாங்களே பார்ப்பம்" என்பது நல்ல மனம்தான். அதற்காக, ஓய்வு நாளுக்கு ஒழுங்கு, குளியலறைக் கைப்பிடி போன்ற சிறு உதவிகளையும் மறுக்கவேண்டியதில்லை.

பள்ளிக்கூடப் பேரூந்து: பொருத்தமான மிக அண்மைய பள்ளி, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டு மைலுக்கு அப்பாலும், எட்டு வயதிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாலும் இருந்தால் கவுண்டி இலவசமாகப் போக்குவரத்து ஒழுங்கு செய்யவேண்டும். தூரம் குறைவாக இருந்தாலும் நடந்து போகப் பாதுகாப்பான வழி இல்லை என்றால் கேட்கலாம். ஆனால் அண்மைய பள்ளி இருக்க, பெற்றோர் விரும்பித் தூரப் பள்ளியைத் தெரிவு செய்தால் இந்த உரிமை பொதுவாகப் போய்விடும். பள்ளி விண்ணப்பம் நிரப்பும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

கடைக்காரர்களுக்கு: மூவாயிரம் பேருக்குக் குறைந்த கிராமத்தில் ஒரேயொரு கடையோ தபாற்கந்தோரோ உங்களுடையதாக இருந்து, அதன் வரிமதிப்பு 8,500 பவுணுக்கு உட்பட்டிருந்தால் வியாபார வரி இல்லை. ஒரேயொரு பெற்றோல் நிலையத்துக்கு அந்த எல்லை 12,500. கிராமமாக இல்லாவிட்டாலும் ஒரே இடத்தை மட்டும் பயன்படுத்தும் சிறு வியாபாரத்துக்கு 12,000 வரை முழு விலக்கு, 15,000 வரை படிப்படியான கழிவு. இவை 2025-26 நிதியாண்டின் விதிகள். விண்ணப்பிக்கவேண்டிய இடம் டிஸ்ரிக்ற்.

கணக்குக் கேட்கும் உரிமை

2014 ஆம் ஆண்டின் உள்ளூர்க் கணக்காய்வுச் சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் ஓர் உரிமையைப் பலர் அறிந்திருப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் 30 வேலைநாட்கள், கவுன்சிலின் கணக்குகளையும் அவற்றோடு தொடர்புடைய ஒப்பந்தங்கள், பில்கள், உறுதிச்சீட்டுகள், பற்றுச்சீட்டுகளையும் பொதுமக்கள் பார்வையிடலாம். பரிஷ் கவுன்சிலுக்கும் இது பொருந்தும். பொதுவாக ஜூன், ஜூலை மாதங்களில் வரும்; அறிவித்தல் கவுன்சிலின் இணையத்தளத்தில் இருக்கும். தனிப்பட்டவர்களின் விபரங்களும் சில வணிக இரகசியங்களும் மட்டும் மறைக்கப்படும். இதைத் தவிர, 500 பவுணுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கொடுப்பனவையும் கவுன்சில்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக வெளியிடவேண்டும்.

பார்த்தபின், உள்ளூர் வாக்காளராகப் பதிந்தவர் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கலாம். ஒரு செலவு சட்டத்துக்கு முரணானது என்று ஆட்சேபிக்கவும் செய்யலாம். ஆட்சேபிக்கும் உரிமை வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவருக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் எம்மவர் பலர் தவறவிடுகிறார்கள். "நான் இன்னும் பிரித்தானியக் குடியுரிமை எடுக்கவில்லை, எனக்கு வாக்கு இல்லை" என்று நினைப்பவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். இலங்கை பொதுநலவாய நாடு. தங்கும் அனுமதி பெற்று இங்கே வாழும் இலங்கைக் குடிமகன், கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கும் இது பொருந்தும். பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமையோடு இங்கே குடிபெயர்ந்தவர்களின் நிலை வேறு. 2020 டிசம்பர் முடிவதற்கு முன்பிருந்தே சட்டப்படி இங்கே வாழ்ந்துவருபவர்களுக்கு உள்ளூர்த் தேர்தல் வாக்கு தொடர்கிறது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு இல்லை. நோர்வே, சுவிஸ் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்களிக்கும்போது படத்துடன் கூடிய அடையாள ஆவணம் தேவை. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் பேரூந்து அட்டை ஆகியவை செல்லும். எதுவும் இல்லாதவர்கள் இலவசமாக ஒரு சான்றிதழ் பெறலாம்.

ஊரில் உள்ளூராட்சித் தேர்தல் எங்கள் கையில் இருந்ததில்லை. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல்கூடக் காசில்லை என்று தள்ளிப்போய் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. சோலைவரி கட்டினோம், பற்றுச்சீட்டு வாங்கினோம், அதற்கு மேல் கணக்குக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை இங்கேயும் தொடர்ந்தால், நூலகத்தை மூடும் கூட்டத்திலும் பேரூந்தை நிறுத்தும் கூட்டத்திலும் எங்களுக்காகப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். கிராமத்து வாக்கெடுப்புகளில் வாக்களிப்போர் வீதம் குறைவு. சில வட்டாரங்களில் உறுப்பினர் சில பத்து வாக்குகளால் வெல்கிறார். ஒரு கிராமத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் பதிந்திருந்தால், அந்த உறுப்பினர் அவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார்.

அடுத்த மார்ச்சில் தாள் வந்ததும் லாச்சிக்குள் வைக்கமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள். கவுண்டியின் பங்கு எவ்வளவு. உங்கள் வீட்டுக்குரிய கழிவு போடப்பட்டிருக்கிறதா. உங்கள் வட்டாரத்தின் கவுண்டி உறுப்பினர் யார். வீட்டில் உள்ள வயதுவந்தோர் எல்லோரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறார்களா. நான்காவதற்கு இல்லை என்பது பதிலானால், பதிவதற்கு இணையத்தில் ஐந்து நிமிடமும் தேசிய காப்புறுதி இலக்கமும் போதும்.